நான்கு சக்கரங்களும் இழுக்கின்றனவா?

மார்கழி, தை மாதங்களில் தில்லியிலும் சண்டிகரிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பல, பனி காணும் ஆவலோடு இமாசல மலைகளுக்குப் புறப்படுகின்றன. மணாலிக்கு மேலே சோலங் பள்ளத்தாக்கின் வழியிலும், 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட அடல் சுரங்கப் பாதையை நோக்கிச் செல்லும் சாலையிலும், பனி மிகுந்த நாட்களில் காவல் துறையினர் வண்டிகளைத் தடுத்து நிறுத்துவதுண்டு. நாற்சக்கர இயக்கமுள்ள வண்டி மேலே போகலாம்; சக்கரங்களில் சங்கிலி பூட்டிய வண்டியும் போகலாம்; ஏனையவை வந்த வழியே திரும்ப வேண்டும் என்பதே அந்நாட்களில் பெரும்பாலும் விதி. வண்டியின் பின்கதவில் 4×4 என்னும் குறியைப் பெற்றவர் பெருமிதத்தோடு மேலே செல்கிறார். ஆனால் அரை மைல் சென்றதும், ஒரு சக்கரம் உறைபனியின்மீதும் மற்றொன்று காய்ந்த தார்மீதும் நிற்க, வண்டி உறுமுகிறதேயன்றி நகர்வதில்லை. எஞ்சினில் குறையில்லை; டயரும் புதியது. பின் குறை எங்கே உள்ளது?

அந்தக் குறியின் பொருளை நாம் சரியாக உணராததே குழப்பத்திற்குக் காரணம். எஞ்சினின் சக்தி முன் அச்சு, பின் அச்சு ஆகிய இரண்டிற்கும் செல்கிறது என்று மட்டுமே அக்குறி கூறுகிறது. அச்சுக்குச் சென்ற சக்தி, அதன் இரு முனைகளிலுமுள்ள சக்கரங்களுக்கு எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதை அது கூறுவதில்லை. பங்கிடும் வேலை, அச்சின் நடுவே பானைபோல் புடைத்து நிற்கும் ஒரு கூட்டினுள் நடைபெறுகிறது. அதுவே டிபரன்ஷியல். அதன் இயல்பையும் வகைகளையும் அறிந்துகொண்டால், மலைச் சாலையில் வண்டி செய்யும் பல விந்தைகளுக்கு விடை கிடைத்துவிடும். ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்பதும் விளங்கும்.

முதலில் டிபரன்ஷியல் ஏன் வேண்டியதாயிற்று என்பதைக் காண்போம். வண்டி வளைந்து திரும்பும்போது வெளிப்பக்கத்துச் சக்கரம் உட்பக்கத்துச் சக்கரத்தைவிட அதிகத் தொலைவு ஓட வேண்டும். இரு சக்கரங்களுக்கும் இடையே ஒன்றரை மீட்டர் அகலம் என்று கொண்டால், வண்டி ஒரு முழு வட்டம் சுற்றி வருவதற்குள் வெளிச்சக்கரம் 9.4 மீட்டர் கூடுதலாக ஓடிவிடுகிறது. வட்டம் பெரிதாயினும் சிறிதாயினும் இந்த வேறுபாடு மாறுவதில்லை என்பது கணக்கின் அழகு. சாதாரணக் காரின் சக்கரத்திற்கு இது நான்கு சுற்றுகளுக்கும் மேலாகும். மாட்டு வண்டியில் இதனால் தொல்லையில்லை. அங்கே அச்சு அசையாமல் நிற்க, ஒவ்வொரு சக்கரமும் தன் போக்கில் தனித்தனியே உருள்கிறது. இழுக்கும் வேலை மாட்டினுடையது, சக்கரத்தினுடையதன்று. மோட்டார் வண்டியிலோ சக்கரமே இழுக்க வேண்டும். இரண்டு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுகப் பொருத்தினால், திருப்பத்தில் ஏதேனும் ஒன்று தரையில் தேய்ந்தே தீரும், தண்டும் முறுகும், வண்டி திரும்ப மறுத்து நேரே செல்ல முயலும்.

இந்த இடரைத் தீர்க்கும் பல்சக்கர அமைப்புக்கு 1827ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டில் காப்புரிமை பெற்றவர் ஒனெசிஃபோர் பெக்கர் என்பவர். அவர் கடிகாரத் தொழிலில் தேர்ந்தவர். பெட்ரோல் எஞ்சின் பிறவாத அக்காலத்தில், நீராவி வண்டி ஒன்றிற்காக அவர் இதனை வகுத்தார். பின் வந்த கார்கள் இதே தத்துவத்தை ஏற்றுக்கொண்டன. இன்று நாம் ஏறிச் செல்லும் வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் இருப்பது அடிப்படையில் அதுவே.

அதன் உட்புறத்தைச் சிறிது நோக்குவோம். எஞ்சினிலிருந்து வரும் நீண்ட தண்டின் முனையிலுள்ள பினியன், கிரவுன் என்னும் பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. கிரவுனோடு ஒரு கூண்டு பிணைக்கப்பட்டுள்ளது. அக்கூண்டினுள் சிறு பல்சக்கரங்கள் தம் அச்சில் தடையின்றிச் சுழலுமாறு அமைந்துள்ளன. அவற்றின் பற்கள் இடப்புறத்திலும் வலப்புறத்திலும் உள்ள இரு பக்கப் பல்சக்கரங்களோடு பொருந்துகின்றன. பக்கப் பல்சக்கரங்களிலிருந்து புறப்படும் அரை அச்சுகள் சாலைச் சக்கரங்களைச் சுழற்றுகின்றன. வண்டி நேராக ஓடும்போது கூண்டு முழுவதும் ஒரே கட்டியாகச் சுழல்கிறது. உள்ளிருக்கும் சிறு பல்சக்கரங்கள் தம் அச்சில் அசைவதில்லை. திருப்பத்திலோ அவை மெல்ல உருண்டு, ஒரு பக்கத்தின் வேகத்தைக் குறைத்து, குறைத்த அளவை மறுபக்கத்திற்குக் கூட்டிக் கொடுக்கின்றன.

இதனைப் பல்சக்கரப் படம் பார்த்து உணர்வதைவிட, நம் ஊர் நுகத்தடியைக் கொண்டு உணர்வது எளிது. வண்டியின் ஏர்க்காலில் நுகத்தடி நடுவில் கட்டப்பட்டுள்ளது; இரு முனைகளிலும் இரு மாடுகள். நடுக்கட்டு சற்றே நெகிழ்ந்திருப்பதால் ஒரு மாடு சிறிது முந்தினாலும் மற்றது சிறிது பிந்தினாலும் தடையில்லை. நுகம் சாய்ந்து கொடுக்கும். ஆனால் அதே நெகிழ்வில் ஒரு நிபந்தனையும் அடங்கியிருக்கிறது. நடுவில் தாங்கிய கோலின் இரு முனைகளிலும் விசை சமமாக இருந்தால்தான் கோல் நிலைபெறும். தராசுக்கும் அதுவே விதி. ஆகவே ஒரு மாடு இளைத்து நின்றுவிட்டால், வலிய மாடு எவ்வளவு முயன்றாலும் நுகம் அதன் பக்கம் முன்னோக்கிச் சாயுமேயன்றி, வண்டி அதன் முழு வலிமையைப் பெறாது. வலிய மாடு இளைத்த மாட்டின் அளவிற்கே பயன்படுகிறது.

டிபரன்ஷியலின் சிறு பல்சக்கரமும் இத்தகைய நுகத்தடியே. அது இரு சக்கரங்களின் வேகத்தில் வேறுபாட்டை அனுமதிக்கிறது. விசையில் வேறுபாட்டை அனுமதிப்பதில்லை. பற்களின் உராய்வால் எழும் சிறு வேறுபாட்டை ஒதுக்கிவிட்டால், இரு சக்கரங்களுக்கும் எப்போதும் சமமான முறுக்கு விசையே செல்கிறது. வழுக்கும் சக்கரம் ஏற்கக்கூடிய அளவு எவ்வளவோ, அவ்வளவே பிடிப்புள்ள சக்கரத்திற்கும் கிடைக்கும். ‘சக்தியெல்லாம் வழுக்கும் சக்கரத்திற்கே ஓடிவிடுகிறது’ என்று ஓட்டுநர்கள் கூறுவர். கண்ணுக்கு அப்படித்தான் தோன்றுகிறது. உண்மையில் அங்கும் விசை மிகக் குறைவே. விசை குறைந்து வேகம் மட்டும் மிகுந்து நிற்கிறது. நுகத்தடிக்கும் இதற்கும் ஒரு வேற்றுமை மட்டும் உண்டு: நுகம் ஓரளவு சாய்ந்ததும் நின்றுவிடும், இந்தப் பல்சக்கரமோ முடிவின்றிச் சாய்ந்துகொண்டே இருக்கவல்லது. ஒரு சக்கரம் அசையாது நின்றால் மற்றது கிரவுனைப்போல் இரு மடங்கு வேகத்தில் சுழலும். கியர்ப்பெட்டியிலிருந்து வேகத்தை அளக்கும் வண்டியில் முள் 40ஐக் காட்டும்போது, அச்சக்கரம் 80 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது என்பதைச் சேற்றில் சிக்கியவர்கள் நினைவிற்கொள்வது நலம். அருகில் நின்று தள்ளுவோருக்கு அது ஆபத்து.

இனி ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். 1,600 கிலோ எடையுள்ள வண்டி. ஒவ்வொரு சக்கரத்தின்மீதும் 400 கிலோ. ஏறும்போது எடை பின்புறம் சரிவதை இப்போதைக்கு மறப்போம். காய்ந்த தார்ச் சாலையில் டயரின் பிடிப்பு எடையில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு. உறைபனியில் பத்தில் ஒரு பங்கு. ஆக, தார்மீது நிற்கும் சக்கரம் 280 கிலோ அளவு இழுக்க வல்லது. உறைபனிமீது நிற்பது 40 கிலோ அளவே. வண்டி, நெடுஞ்சாலையைவிட்டு ஒரு சிற்றூருக்கு ஏறும் கிளைச் சாலையில் பத்துக்கு ஒன்று என்னும் ஏற்றத்தில் நிற்கிறது. சரிவை வெல்ல 160 கிலோவும், டயர் உருள்வதில் எழும் தடையை வெல்ல ஏறத்தாழ 24 கிலோவும், ஆக 184 கிலோ வேண்டும். மலையின் நிழல் விழும் இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் உறைபனியில் உள்ளன. வலப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் தார்மீது உள்ளன.

பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் சாதாரண வண்டியில், இடச்சக்கரத்தால் 40, எனவே வலச்சக்கரத்திற்கும் 40, ஆக 80. வண்டி நகராது. நாற்சக்கர இயக்கமுள்ள, ஆனால் திறந்த டிபரன்ஷியல் கொண்ட வண்டியில், பின் அச்சில் 80, முன் அச்சில் 80, ஆக 160. அதுவும் நகராது! இப்போது பின் சக்கரங்கள் மட்டுமே இழுக்கும் வண்டியை மீண்டும் எடுத்துக்கொண்டு, அதன் டிபரன்ஷியலை மட்டும் பூட்டிவிடுவோம். இரு அரை அச்சுகளும் ஒரே தண்டாகிவிட, ஒவ்வொரு சக்கரமும் தன்னால் இயன்றதை இழுக்கிறது: 40உம் 280உம் சேர்ந்து 320. வண்டி எளிதாக ஏறிவிடும். இரு சக்கரங்கள் இழுக்கும் வண்டி ஏறுகிறது; நான்கு சக்கரங்கள் இழுப்பதாகக் கூறிக்கொள்ளும் வண்டி நிற்கிறது. நாம் சொல்ல வந்த செய்தியின் உயிர்நிலை இதுவே.

மேடுபள்ளமான காட்டுப் பாதையில் இதனினும் வியப்பான காட்சியைக் காணலாம். இட முன்சக்கரமும் வலப் பின்சக்கரமும் பள்ளத்தின்மேல் தொங்கிவிட்டால், தரையைத் தொடும் மற்ற இரண்டும் கற்பாறைமீது நன்றாக ஊன்றியிருப்பினும் பயனில்லை. ஒவ்வோர் அச்சிலும் ஒரு முனை அந்தரத்தில் இருப்பதால் இரு நுகங்களும் தோற்றன. காற்றில் இரு சக்கரங்கள் சுழல, வண்டி அசைவற்று நிற்கும். தாழ் கியரைப் போட்டாலும் ஆவதொன்றில்லை. தாழ் கியர் எஞ்சினின் வலிமையைப் பெருக்குமேயன்றித் தரையின் பிடிப்பைப் பெருக்காது.

நம் நாட்டின் பழைய ஜீப்புகள் பெரும்பாலும் இவ்வாறு திறந்த டிபரன்ஷியல் கொண்டவையே. 1985இல் வந்து, மலைப் பகுதிகளிலும் ராணுவத்திலும் பெயர்பெற்ற மாருதி ஜிப்சியும் அவ்வாறே விற்கப்பட்டது. ஆயினும் அவை ஏறாத மலையில்லை என்பார்களே என நேயர்கள் கேட்கலாம். ஜிப்சியின் எடை ஆயிரம் கிலோ அளவே, டயர் குறுகியது, ஓட்டியவர்களோ எந்தச் சக்கரத்தை எந்தக் கல்மீது வைப்பது என்பதை அறிந்தவர்கள். டிபரன்ஷியலின் குறையை ஓட்டுநரின் கண் நிரப்பியது. புதிதாக மலையேறும் நகரவாசியிடம் அந்தக் கண்ணை எதிர்பார்க்க இயலாது.

இக்குறையை நீக்க எழுந்த வகைகளுள் எளியதும் உறுதியானதும் பூட்டு. இதனை நம்மவர் வயலில் நெடுநாளாகவே அறிவர். சேற்றில் டிராக்டரின் ஒரு பெருஞ்சக்கரம் வீணே சுழலத் தொடங்கினால், ஓட்டுபவர் காலடியிலுள்ள மிதியை அழுத்துகிறார். பக்கப் பல்சக்கரம் கூண்டோடு பூட்டப்பட்டு, இரு சக்கரங்களும் ஒன்றாகச் சுழன்று டிராக்டர் வெளியேறுகிறது. காலை எடுத்ததும் பூட்டு பெரும்பாலும் தானே விலகிவிடும். இதனையே மலை வண்டியிலும் அமைக்கலாம். ஃபோர்ஸ் கூர்க்கா வண்டியில் முன் அச்சுக்கு ஒன்றும் பின் அச்சுக்கு ஒன்றுமாக, ஓட்டுநர் தாமே இயக்கும் இரு பூட்டுகள் உள்ளன. 2020இல் வந்த மஹிந்திரா தார் வண்டியின் சில வகைகளில் பின் அச்சில் தானியங்கிப் பூட்டு உண்டு. இரு சக்கரங்களின் வேகம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 சுற்று வேறுபட்டதும் அது தானே பற்றிக்கொள்கிறது. வண்டி ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தைக் கடந்து ஓடும்போது பற்றுவதில்லை. ஓட்டுநர் மறந்தாலும் பொறி மறவாது என்பது அதன் நன்மை. சக்கரம் சிறிது சுழன்று குழி தோண்டிய பிறகே விழித்துக்கொள்ளும் என்பது குறை.

பூட்டு முழுமையானது; ஆதலால் காய்ந்த சாலைத் திருப்பத்தில் உதவாது. திருப்பத்திற்கும் இடந்தந்து, வழுக்கலையும் ஓரளவு தடுக்கும் நடுவழியாகத் தோன்றியவை வரம்புக்குட்பட்ட வழுக்கல் வகைகள். ஒன்றில் கிளட்சுத் தட்டுகள் அடுக்கப்பட்டுள்ளன; அவை பக்கப் பல்சக்கரங்களைக் கூண்டோடு உராயச் செய்து வேக வேறுபாட்டை அடக்குகின்றன. தட்டுகள் தேயும், அவற்றிற்கெனத் தனி எண்ணெய் வேண்டும், கவனிப்பின்றி விட்டால் சில ஆண்டுகளில் திறந்த டிபரன்ஷியலாகவே மாறிவிடும். மற்றொன்றில் தட்டுகளுக்கிடையே தடித்த சிலிக்கோன் திரவம் உண்டு; அது பெரும்பாலும் முன் பின் அச்சுகளுக்கு இடையே பயன்பட்டது.

மூன்றாவதாகிய டார்சன் வகை சற்று நின்று பார்க்கத்தக்கது. அமெரிக்கராகிய வெர்னான் கிளீஸ்மன் 1958இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இதில் கிளட்சும் இல்லை, திரவமும் இல்லை. திருகுபோல் வெட்டிய பல்சக்கரங்களின் உராய்வே வேலை செய்கிறது. பிடிப்புக் குறைந்த சக்கரம் ஏற்கும் விசையைப்போல் இரு மடங்கோ மூன்று மடங்கோ விசையை மறு சக்கரத்திற்கு இது அளிக்கும். நம் கணக்கில் உறைபனிமீதுள்ள சக்கரம் 40 ஏற்றால், மும்மடங்கு அமைப்பில் தார்மீதுள்ளது 120 பெறும். ஆனால் சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அது ஏற்பது சுழி. சுழியின் மும்மடங்கும் சுழியே. அமெரிக்க ராணுவத்தின் ஹம்வீ வண்டிகளில் இவ்வகை அமைந்திருந்தமையால், தொங்கும் நிலையில் ஆக்சிலேட்டரை அழுத்தியவாறே பிரேக்கையும் மெல்ல அழுத்துமாறு அதன் ஓட்டுநர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. பிரேக்கு, தொங்கும் சக்கரத்திற்கு ஒரு பொய்ப் பிடிப்பைத் தருகிறது. டார்சன் அதனைப் பெருக்கி மறு சக்கரத்திற்குத் தருகிறது.

இந்தச் சூழ்ச்சியைக் கேள்வியுற்றுச் சிலர், திறந்த டிபரன்ஷியல் உள்ள வண்டியிலும் கைப்பிரேக்கைப் பாதி இழுத்துப் பார்க்கின்றனர். அதில் ஏமாற்றமே மிகும். கைப்பிரேக்கு இரு சக்கரங்களையும் ஒரே அளவில் பிடிக்கிறது. வழுக்கும் சக்கரத்தின்மீது பிரேக்கு சேர்த்த அளவு விசை மறு சக்கரத்திற்கும் செல்வது உண்மை; ஆனால் அந்தச் சக்கரத்தின்மீதுள்ள பிரேக்கே அதனை விழுங்கிவிடுகிறது. கூட்டியதும் கழித்ததும் சரியாகிவிடுகின்றன.

வழுக்கும் சக்கரத்தை மட்டும் தனியே பிடிக்க முடிந்தால்? அதனைத்தான் இக்காலத்து மின்னணு அமைப்பு செய்கிறது. ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் உணர்கருவிகள் அளந்து கூற, வீணே சுழலும் சக்கரத்தின் பிரேக்கை மட்டும் வண்டி தானே அழுத்துகிறது. நுகத்தடியில் இளைத்த மாட்டின் பக்கம் ஒரு சுமையைக் கட்டித் தொங்கவிட்டால், வலிய மாடு அதற்கு ஈடாக இழுக்க முடிகிறதல்லவா? அதுபோன்றதே இது. 2023இல் இந்தியச் சந்தைக்கு வந்த மாருதி ஜிம்னியில் உள்ளது இவ்வகை. தார் வண்டியிலும் உண்டு. தனிப் பூட்டின் விலையும் எடையும் இன்றிப் பெரும்பயன் தருவது இதன் சிறப்பு. ஆயினும் எஞ்சின் தரும் சக்தியின் ஒரு பகுதி பிரேக்கில் வெப்பமாக வீணாகிறது. நெடுநேரம் சேற்றில் போராடினால் பிரேக்கு சூடேறும். மேலும், சக்கரம் சுழலத் தொடங்கிய சிறு பொழுதுக்குப் பின்னரே பிடி விழும். சக்கரம் சுழல்வதைக் கண்டு அஞ்சிக் காலை எடுத்துவிடும் ஓட்டுநர், அமைப்பு வேலை தொடங்கும் கணத்தில் அதனைக் கைவிட்டவராகிறார். ஆக்சிலேட்டரை மிகுதியாக அழுத்தாமலும் விட்டுவிடாமலும் ஓரிரு நொடிகள் ஒரே சீராக வைத்திருப்பதே இவ்வகை வண்டிக்கு உரிய பழக்கம். கடை வாயிலில் வண்டியை ஒப்படைக்கும்போது இதனை எத்தனை பேர் சொல்லித் தருகிறார்கள் என்பது ஐயமே.

இதுவரை ஓர் அச்சின் இரு முனைகளுக்கு இடையே நிகழ்வதைக் கண்டோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே மூன்றாவதொரு நுகம் உண்டா என்பது அடுத்த வினா. திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் செல்கின்றன. ஆதலால் எப்போதும் நான்கு சக்கரங்களாலும் ஓடும் வண்டிக்கு நடுவிலும் ஒரு டிபரன்ஷியல் இன்றியமையாதது. 1970இல் வந்த ரேஞ்ச் ரோவர் அத்தகையது. நடு டிபரன்ஷியலைப் பூட்டும் வசதியும் அதிலிருந்தது. பூட்டாவிட்டால் நான்கு சக்கரங்களுள் ஒன்று மட்டும் தொங்கினாலும் வண்டி முழுவதும் நின்றுவிடும் அல்லவா?

நம் நாட்டு ஜீப், ஜிப்சி, தார், ஜிம்னி ஆகியவற்றில் நடு டிபரன்ஷியல் இல்லை. வேண்டும்போது நெம்புகோலைத் தள்ளி முன் அச்சைப் பின் அச்சோடு இறுகப் பிணைக்கும் முறையே அவற்றில் உள்ளது. இது பனியிலும் சேற்றிலும் நன்மையே. சக்கரங்கள் சிறிது வழுக்கித் தம் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தாரிலோ வழுக்க இடமில்லை. தண்டுகள் முறுகி, ஸ்டீரிங் கனத்து, திருப்பத்தில் வண்டி விக்கி விக்கி நகரும். ‘பாதுகாப்புக்காக’ என்று மணாலியிலிருந்து சண்டிகர்வரை நாற்சக்கர இயக்கத்திலேயே ஓட்டிச் செல்வோர், பாதுகாப்பைக் குறைத்துப் பழுதுபார்க்கும் செலவைக் கூட்டிக்கொள்கின்றனர்.

ராஜஸ்தான மணலிலும் கட்ச் பாலையிலும் செல்வோர்க்கு ஒரு சொல். பரந்த மணலில் இரு பக்கச் சக்கரங்களுக்கும் பெரும்பாலும் ஒரே அளவு பிடிப்பே இருக்கும். ஆகவே அங்கே பூட்டினால் கிடைக்கும் லாபம் சிறிது. டயர்க் காற்றை 30 பவுண்டிலிருந்து 18 பவுண்டு அளவுக்கு இறக்குவதே பெருந்துணை. தார்ச் சாலை வந்ததும் காற்றை மீண்டும் நிரப்ப வேண்டும். பூட்டு தன் முழுப் பயனையும் காட்டுவது, இரு பக்கங்களும் வேறுபடும் இடத்தில்தான்: மழைக்காலத்து சகியாத்ரிச் சேறு, குடகுத் தோட்டத்துப் பாதை, சிக்கிமின் ஓடைக் கற்கள் ஆகியன அத்தகையவை.

இவ்வளவும் கேட்டபின், எல்லாப் பூட்டுகளையும் போட்டுக்கொண்டு பனிமலை ஏறினால் அச்சமில்லை என்று யாரேனும் கருதக்கூடும். அங்கேதான் உயிருக்கு இடர் தரும் நுட்பம் ஒன்று உள்ளது. டயரின் பிடிப்பு ஒரு குறித்த அளவு முதல் போன்றது. முன்னோக்கி இழுப்பதற்கு அது முழுவதையும் செலவிட்டுவிட்டால், பக்கவாட்டில் வண்டியைத் தாங்க மிச்சமிராது. திறந்த டிபரன்ஷியலில் ஒரு சக்கரம் வழுக்கிச் சுழன்றாலும், மற்றது சிறிதளவே இழுத்துக்கொண்டு அமைதியாக உருள்கிறது. வண்டியின் பின்பகுதியைப் பக்கவாட்டில் பற்றி நிற்பது அதுவே. பூட்டிய அச்சு முழு உறைபனியில் நிற்கும்போது இரு சக்கரங்களும் ஒன்றாகவே வழுக்குகின்றன. பற்றி நிற்க ஒன்றும் இல்லை. சாலை பள்ளத்தாக்கின் பக்கம் சாய்ந்திருந்தால், வண்டியின் வால் அப்பக்கமே மெல்ல இறங்கத் தொடங்கும். முன்னேற முடியாமல் நிற்கும் வண்டி, எரிச்சலூட்டுமேயன்றிக் கொல்வதில்லை. பக்கவாட்டில் நழுவும் வண்டி அவ்வாறன்று. ஆகவே சமமான தரையிலும் நேரான ஏற்றத்திலும் பூட்டலாம். வெளிப்பக்கம் சாய்ந்த பனிச்சாலையில் பூட்டாதிருத்தலே அறிவு. முன் அச்சைப் பூட்டினால் ஸ்டீரிங்கும் எளிதில் பணியாது என்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்க.

இறக்கத்தைப் பற்றியும் கூற வேண்டும். எவ்வகை டிபரன்ஷியலும் பிரேக்கின் பிடிப்பைக் கூட்டாது. 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, காய்ந்த சமதளத்தில் பிரேக்கு பிடித்தபின் ஏறத்தாழ 5 மீட்டரில் நிற்கும். உறைபனியில் அதே வண்டிக்கு ஏறத்தாழ 35 மீட்டர் வேண்டும். நாம் மேலே கண்ட பத்துக்கு ஒன்று சரிவு முழுவதும் உறைபனியாயின், சரிவு தள்ளும் விசையும் டயரின் பிடிப்பும் சமமாகிவிடும். கீழ்நோக்கி ஓடத் தொடங்கிய வண்டி பிரேக்கால் நிற்கவே நிற்காது. சக்தி வாய்ந்த வண்டி சாதாரண வண்டி ஏறாத இடத்திற்கு ஏறிவிடுகிறது. இறங்கும்போது இரண்டிற்கும் அதே நான்கு டயர்களே துணை. தாழ் கியரில் நான்கு சக்கரங்களையும் பிணைத்து, எஞ்சினின் தடையாலேயே ஊர்ந்து இறங்குவது ஓரளவு உதவும். முன் பின் அச்சுகள் பிணைந்திருப்பதால் பின் சக்கரங்கள் மட்டும் தனியே நின்று வழுக்குவது அரிது.

எனவே வண்டி வாங்கச் செல்பவர் ‘4×4 தானே?’ என்று மட்டும் கேட்டு நிற்றல் போதாது. பின் அச்சில் என்ன டிபரன்ஷியல், அது பூட்டா, பிரேக்கால் பிடிப்பதா, பூட்டை ஓட்டுநர் போடுவதா தானே விழுவதா, நடுவில் டிபரன்ஷியல் உண்டா என்று கேட்டறிதல் வேண்டும். பழைய வண்டி வாங்குபவர், சமதளத்தில் வேறொரு சக்கரத்திற்குக் கல் அணை கொடுத்து, பின் சக்கரங்கள் இரண்டையும் ஜாக்கியில் உயர்த்தி, கியரை நடுநிலையில் வைத்து, ஒரு சக்கரத்தைக் கையால் சுழற்றச் சொல்லலாம். மற்றது எதிர்த்திசையில் சுழன்றால் திறந்த டிபரன்ஷியல், அல்லது தட்டுகள் தேய்ந்துபோனது. இரண்டும் ஒரே திசையில் சுழன்றால் உள்ளே பிடிப்பு இருக்கிறது.

சிக்கிக்கொண்ட நேரத்திலும் நுகத்தடியின் விதியே வழிகாட்டும். கல்லோ சாக்கோ இடுவதாயின் சுழலும் சக்கரத்தின் அடியில் இட வேண்டும். அசையாமல் நிற்கும் சக்கரத்திற்கு இடுவதால் பயனில்லை. இளைத்த மாட்டிற்குத்தான் ஊட்டம் தேவை. பனிச்சங்கிலி ஒன்றுதான் இருக்கிறது என்று ஒரு சக்கரத்திற்கு மட்டும் பூட்டுவது வீண். இழுக்கும் அச்சின் இரு சக்கரங்களுக்கும் பூட்ட வேண்டும். முன் சக்கர இயக்கமுள்ள சாதாரணக் காராயின் முன் சக்கரங்கள் இரண்டிற்கும் பூட்டுக.

பனி முடிந்து கரிய சாலை தென்பட்டதும் ஓரமாக நிறுத்திச் சங்கிலியைக் கழற்றி, பூட்டை விலக்கி, நாற்சக்கர இயக்கத்தையும் நீக்கிவிட வேண்டும். தண்டுகள் முறுகியிருப்பின் நெம்புகோல் சில வேளை அசைய மறுக்கும். அதனோடு மல்லாட வேண்டியதில்லை. பின்புறம் ஆளோ வண்டியோ இல்லையென்று பார்த்துக்கொண்டு, ஸ்டீரிங்கை நேராக வைத்து, சில அடி தூரம் பின்னோக்கி ஓட்டினால் முறுக்கு அவிழ்ந்து நெம்புகோல் எளிதாக வெளிவரும்.